நாறாத எண்ணெய்

கைப்பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை. அதற்குள் தையல் மெஷின் எண்ணெய்க் குப்பி அவள் கையில் இருக்கிறது. மூடியைத் திருகித் திறந்து, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஆழமாக ஒரு மூச்சு இழுக்கிறாள். அவ்வளவுதான். குடல் புரண்டு தொண்டைக்கு வருகிறது. குப்பியைப் பட்டென்று வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு கடையின் பின்பக்கம் ஓடுகிறாள். திரும்பி வரும்போது முகம் வெளுத்திருக்கிறது, கண்களில் நீர் கோத்திருக்கிறது. ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் தோரணையைப் பார்த்தால், ஏதோ நல்ல சேதி கேட்டுவிட்டு வந்தவள் மாதிரிதான் தெரிகிறது.

அது துணிகளைத் திருத்திக் கொடுக்கும் கடை. புதிதாக எதையும் தைப்பதில்லை. இறுக்கமானதைத் தளர்த்துவார்கள், தொளதொளப்பதைப் பிடிப்பார்கள், நீளத்தைக் குறைப்பார்கள். வருகிறவர்கள் எல்லோரும் துணி சுருங்கிவிட்டது என்றுதான் சொல்வார்கள். தன் உடம்பு பெருத்துவிட்டது என்று சொன்னவர் இதுவரை ஒருவரும் இல்லை. கடைக்குச் சொந்தக்காரர், வெட்டுகிறவர், அளவெடுக்கிறவர் எல்லாமே மாஸ்டர்தான். பட்டன் துளைகளுக்கு நூல் சுற்றுவது காஜா அக்கா. மூலையில் இஸ்திரிப் பெட்டியோடு இஸ்திரி அண்ணன். இவளுக்கு ஜிப் மாற்றும் வேலை. அதனால் ஜிப்பு என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. தாய் தகப்பன் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கடையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அவளையும் சேர்த்து.

காலையில் மெஷினுக்கு எண்ணெய் விட்ட பிறகுதான் துணியைத் தொட வேண்டும் என்பது மாஸ்டரின் சட்டம். எல்லா மெஷினுக்கும் பொதுவாக ஒரே குப்பி. அதிலிருக்கும் எண்ணெய் மலிவானது. மண்ணெண்ணெயும் பழைய இரும்பும் கலந்த மாதிரி ஒரு நெடி. வருஷக்கணக்காக அந்த நெடியில்தான் இவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்கும் அது உறைத்ததே இல்லை. இப்போது ஜிப்புவுக்கு மட்டும் அது எமனாக வந்து வாய்த்திருக்கிறது. அந்த எமனைத்தான் அவள் தினமும் தேடிப் போய் முகர்ந்து பார்க்கிறாள்.

மசக்கை என்று இதற்குப் பெயர். ஆனால் அந்தச் சொல்லை அவள் கடையில் உச்சரித்ததில்லை. வயிற்றில் இருப்பது அவளுக்கும் புருஷனுக்கும் ஆஸ்பத்திரி நர்ஸுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். பின்பக்கத்திலிருந்து திரும்பும்போதெல்லாம் யாரும் கேட்காமலேயே ஒரு காரணம் சொல்லுவாள். "நேத்து வாங்கின பால் கெட்டுப்போச்சு போல." "பஸ்ஸு ஒரே குலுக்கல்." "பித்தம்." காரணம் தீர்ந்துபோன அன்றைக்கு மறுபடியும் பாலுக்கே வந்துவிடுவாள். அந்தப் பால்காரர் மட்டும் இதைக் கேட்டிருந்தால் கடைக்கு வந்து சண்டை போட்டிருப்பார்.

வாந்தி மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கழுத்தில் மாலை மாதிரித் தொங்கும் அளவு நாடா மார்பில் பட்டாலே வலி உயிர் போகிறது. அதனால் அதை மணிக்கட்டில் சுற்றிக்கொள்கிறாள். தைக்கும்போது குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொள்வது அவளுக்குக் கைவந்த பழக்கம். இப்போது வாயெல்லாம் எந்நேரமும் துருப்பிடித்த ருசி. ஊசியை வைத்தால் நாக்கு சுருண்டுகொள்கிறது. ஊசிகள் சட்டைக் கைக்கு இடம் மாறிவிட்டன. பின்பக்கத்துக் கழிப்பறையை அடுத்த ரொட்டிக் கடையோடு பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அதன் சாவியை உடைந்த மர ஸ்கேலில் கட்டி ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். அந்த ஸ்கேல் இப்போதெல்லாம் ஆணியில் இருப்பதைவிட அவள் கையில் இருப்பதுதான் அதிகம்.

தூக்கம் வேறு. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் யாரோ பின்னாலிருந்து போர்வையைப் போர்த்துவது போல் வந்து அமுக்கும். கீழே விழுந்த ஊசியைத் தேடுகிற பாவனையில் துணிக் குவியல்மேல் தலையைச் சாய்ப்பாள். தேடல் நீளும். மெல்லிய குறட்டைகூடக் கேட்கும். காஜா அக்கா தன் மெஷினை அந்த நேரத்தில் கொஞ்சம் நிதானமாக ஓட்டுவாள்.

மனசுதான் இவை எல்லாவற்றையும்விட மோசம். நல்ல பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவள், போன வாரம் ஒரு வாடிக்கையாளரிடம், "ஜிப் மேல குத்தம் இல்ல சார், நீங்க மூடுற லட்சணம் அப்படி" என்று சொல்லிவிட்டாள். அதே நாள் சாயங்காலம், ஒரு சின்னக் குழந்தையின் மழைக்கோட்டு வந்தது. ஜிப் கழன்றுபோயிருந்தது. பையில் ஒரு கூழாங்கல்லும் பாதி கடித்த பிஸ்கட்டும் இருந்தன. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்தே இருந்தாள். கோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, கல்லையும் பிஸ்கட்டையும் இருந்த இடத்திலேயே பத்திரமாகத் திரும்ப வைத்திருந்தாள்.

ஏன் இந்த ஒளிவுமறைவு என்று கேட்டால், போன தடவை நடந்ததைச் சொல்ல வேண்டும்.

போன தடவை நாள் தள்ளிப்போனதுமே கடை முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள். இனிப்பு கொடுத்தாள். ரொட்டிக் கடைக்கும் கொடுத்தாள். அன்றைக்கே, வயிறு தெரியக்கூட இல்லை, எல்லோரும் மேலே போட்டுக்கொள்ளும் நீல வேலைக் கோட்டைக் கழற்றிப் பக்கவாட்டுத் தையல் இரண்டையும் பிரித்துத் தளர்த்திக்கொண்டாள். "இப்பவே எதுக்குடி?" என்று காஜா அக்கா சிரித்தாள். "வளர்ந்தப்புறம் எனக்கு நேரம் இருக்காதுக்கா" என்றாள் இவள். அந்தத் தடவையும் வாந்தி இருந்தது. ஒரு நாள் காலையில் அது சட்டென்று நின்றது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. வயிறாரச் சாப்பிட்டாள், இஸ்திரி அண்ணனைக் கேலி செய்தாள், வேலை செய்துகொண்டே பாட்டுக்கூட முணுமுணுத்தாள். மறுநாள் இரத்தம் பட்டது. கரு தங்கவில்லை.

விடுப்பு முடிந்து திரும்பி வந்ததும் அவள் செய்த முதல் வேலை அந்தக் கோட்டை மறுபடியும் பிடித்துத் தைத்ததுதான். எல்லோர் முன்னாலும், தன் மெஷினிலேயே. பிரித்த தையலின் துளைகள் கோட்டின் உள்பக்கம் புள்ளி புள்ளியாக இன்னும் தெரிகின்றன. அந்தத் துணி அப்படிப்பட்டது, ஊசி பட்ட இடத்தை மறக்காது.

வாந்தி நின்றபோது சந்தோஷப்பட்டோமே என்பதுதான் அவளை அறுக்கிறது. இரத்தத்தைவிட அந்தச் சந்தோஷம். பிள்ளை போய்விட்டிருந்த நேரத்தில் தான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்ததாக அவள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். நர்ஸ் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டாள். "வாந்தி வர்றதும் நிக்கிறதும் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும்மா. அத வச்சு எதையும் முடிவு பண்ணாத. போன தடவ நடந்ததும் நீ சாப்பிட்டதாலயோ சிரிச்சதாலயோ இல்ல." சரி சரி என்று இவள் தலையாட்டிவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் குப்பியைத் திறந்து முகர்ந்தாள். படித்துப் படித்துச் சொன்னாலும் பயத்துக்குக் காது கிடையாது.

ஆக, குமட்டல்தான் இப்போது அவளுக்கு உள்ளேயிருந்து வரும் ஒரே தகவல். அது வந்தால் பிள்ளை இருக்கிறது. அன்றைய பொழுதுக்கு அது போதும்.

வீட்டில் புருஷனுக்கும் கொஞ்ச நஞ்சப் பாடு இல்லை. லிப்ட் பழுது பார்க்கிற வேலை. கிரீஸ் நாற்றம் அவளுக்கு ஆகாது என்று வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டு உள்ளே வருகிறான். அவித்த முட்டையை மாடிப்படியில் நின்று தின்கிறான். பல் தேய்க்கும் பசை வாசனைகூட வெளியே வரக் கூடாது என்று குளியலறைக் கதவை உட்பக்கம் துண்டு வைத்து அடைக்கிறான். பாவம், பொண்டாட்டி குமட்டலை நம்பித்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. அவள் அவனிடமும் சொல்லவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கடையில் எல்லோருக்கும் தெரியும். ஊசிகள் உதட்டிலிருந்து சட்டைக் கைக்குப் போன அன்றைக்கே மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. காஜா அக்கா மூன்று பெற்றவள். அவளுக்கு அதற்கு முன்பே தெரியும். ஆனால் இவளாகச் சொல்லாதவரை நாமாகக் கேட்கக் கூடாது என்று மூவருமே வாயைக் கட்டிக்கொண்டார்கள். அவள் பின்பக்கம் ஓடினால் உடனே எல்லோரும் மெஷினை மிதிப்பார்கள். துணி இல்லாவிட்டால் வெறும் மெஷினையே ஓட்டுவார்கள். இஸ்திரி அண்ணனுக்கு மெஷின் கிடையாது. அவர் நீராவியைப் புஸ் புஸ்ஸென்று விடுவார். அவள் ஓங்கரிக்கும் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை என்று அவள் நினைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் ஆசை.

அதோடு நின்றிருக்கலாம். நல்ல மனசு இருக்கிறதே, அது சும்மா இருக்காது.

ஒரு சனிக்கிழமை அவள் வழக்கத்தைவிட அதிகமாக வாந்தி எடுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். அவள் வீட்டுக்குப் போன பிறகு மூவரும் கூடிப் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. மாஸ்டர் தனியாக வந்து, குப்பியிலிருந்த பழைய எண்ணெயை வேறொரு பாட்டிலில் ஊற்றிப் பின்பக்க ஜன்னலில் வைத்தார். குப்பியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். வாசனையே இல்லாத உயர்ந்த எண்ணெயை வாங்கி வந்து அதில் நிரப்பினார். மெஷின்களையும் துடைத்து அதே எண்ணெயை விட்டார். இஸ்திரி அண்ணன், துணிமேல் தெளிக்கும் தண்ணீரில் கலக்கிற சென்ட்டை நிறுத்தினார். காஜா அக்கா தலைக்கு வாசனை எண்ணெய் வைப்பதையே விட்டாள். திங்கட்கிழமை அவள் முடி காற்றில் பறந்து மெஷின் சக்கரத்தில் சிக்காதது புண்ணியம்.

அந்தத் திங்கட்கிழமை ஜிப்புவுக்கு வீட்டிலேயே சந்தேகம் தட்டியிருந்தது. படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே புருஷன் ஒரு காய்ந்த ரொட்டித் துண்டை நீட்டினான். "நர்ஸு சொன்னாங்கல்ல, இத மென்னு முழுங்கிட்டு அப்புறம் எந்திரி." மென்றாள். எழுந்தாள். வழக்கமான புரட்டல் பாதிதான் வந்தது. பஸ்ஸில் வழியெல்லாம் வயிற்றைக் கவனித்துக்கொண்டே வந்தாள். கடைக்குள் நுழைந்ததும் நேராகக் குப்பியிடம் போனாள்.

முகர்ந்தாள். ஒன்றும் இல்லை.

மறுபடி முகர்ந்தாள். ஒரு சொட்டை விரலில் எடுத்து மூக்கில் படும்படி வைத்துப் பார்த்தாள். தண்ணீரை முகர்வது போல் இருந்தது. இஸ்திரி மேஜைப் பக்கம் போய்க் காரணமில்லாமல் நின்றாள். காஜா அக்காவின் தலைக்குப் பின்னால் குனிந்து நூல் கண்டு தேடினாள். உலகத்தில் எதற்கும் வாசனையே இல்லை. மெதுவாக வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். மெஷினுக்கு எண்ணெய் விட்டாள், சட்டப்படி. ஒரு ஆம்பளைக் குளிர் ஜாக்கெட்டின் பழைய ஜிப்பைப் பிரிக்கத் தொடங்கினாள்.

அவள் ஓடவில்லை என்பதை மற்ற மூவரும் பார்த்தார்கள். மாஸ்டர் காஜா அக்காவுக்குக் கண்ணைக் காட்டினார். காஜா அக்கா வாய்க்குள் சிரித்துக்கொண்டாள். "பாத்தீங்களா மாஸ்டர், புள்ள இன்னைக்கு நிம்மதியா உக்காந்திருக்கு" என்று இஸ்திரி அண்ணன் கிசுகிசுத்தார். நிம்மதி! அவள் ஸ்கேல் சாவியை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய், இரத்தம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். இல்லை. மறுபடி போனாள். இல்லை. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு, போன தடவையும் மறுநாள்தானே என்று நினைத்துக்கொண்டாள். அழக்கூட அவளால் முடியவில்லை. அழுதால் காரணம் சொல்ல வேண்டும். பால் கெட்டுப்போனதற்கு யாரும் அழ மாட்டார்கள்.

மத்தியானம் சாப்பாட்டைப் பிரித்தாள். அவளுக்கு ஒத்துக்கொள்ளும் என்று புருஷன் கட்டிக் கொடுத்த வெறும் ரொட்டி. தொண்டையில் இறங்கியது, இறங்கிய இடத்தில் இருந்தது. அதையும் தன் சந்தேகத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் நெருங்கும்போது மாஸ்டர் அந்த ஜாக்கெட்டை எடுத்துப் பார்த்தார். ஜிப் தலைகீழாகத் தைக்கப்பட்டிருந்தது. மேலிருந்து கீழே இழுத்தால்தான் மூடும். இத்தனை வருஷத்தில் அவள் கையில் நடக்காத தப்பு. அவர் சிரித்துக்கொண்டே அவள் பக்கம் வந்தார்.

"என்னம்மா ஜிப்பு, ஜாக்கெட்ட மாட்டுறவரு தலைகீழா நிக்கணுமா? இன்னைக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கு மாஸ்டர்" என்றாள். உதடு கோணிக்கொண்டு போனது. "நல்லா இருக்கு. அதான்... அதான் பயமா இருக்கு."

அதற்குப் பிறகு அடைத்து வைத்திருந்ததெல்லாம் உடைந்துகொண்டு வந்தது. எண்ணெய் நாறவில்லை என்றாள். ஒன்றுமே நாறவில்லை என்றாள். போன தடவையும் இப்படித்தான் திடீரென்று நின்றது என்றாள். "போயிடுச்சு மாஸ்டர். இதுவும் போயிடுச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல, சொல்லாம இருந்தா தங்கும்னு நெனச்சேன், அப்பவும் போயிடுச்சு." அளவு நாடா மணிக்கட்டிலிருந்து அவிழ்ந்து தரையில் கிடந்தது. அதை எடுக்கக்கூட அவள் குனியவில்லை.

திருட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்ட பிள்ளைகளைப் போல மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அம்மாடி" என்றார் மாஸ்டர். "அது... எண்ணெய நான்தான் மாத்துனேன். அது நாறாதும்மா. யாருக்குமே நாறாது."

"நான் தலைக்கு எண்ணெய் வைக்கலடி. பாரு, பரட்டையா நிக்கிறேன்" என்றாள் காஜா அக்கா.

இஸ்திரி அண்ணன் சென்ட் பாட்டிலை எடுத்துக் காட்டினார். மூடி இறுக்கி, அதன்மேல் துணியும் கட்டியிருந்தது.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வந்தது கோபம்தான். "யாரக் கேட்டு மாத்துனீங்க? உங்களுக்கு யாரு சொன்னா?" என்று எழுந்து நின்று கத்தினாள். "காலையிலேருந்து நான் செத்துச் செத்துப் பொழைக்கிறேன், நீங்க மூணு பேரும் பாத்துப் பாத்துச் சிரிக்கிறீங்க!"

"ஊசிய வாயில வைக்கிறத விட்டியே, அப்பவே தெரியும்" என்றார் மாஸ்டர். "நீ சொல்லாம நாங்க எப்படிக் கேக்குறது? கஷ்டப்படுறியேன்னுதான்..." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தக் கடையில் அவர் கையால் கெட்டுப்போன துணி ஒன்றுகூட இல்லை. இன்றைக்கு ஒரு மனுஷியின் நாளையே கெடுத்துவிட்டார்.

பின்பக்க ஜன்னலுக்குப் போய்ப் பழைய எண்ணெய் பாட்டிலோடு திரும்பி வந்தார். நீட்டினார். அவள் உடனே வாங்கவில்லை. இதிலும் ஒன்றும் இல்லையென்றால் என்ன செய்வது என்று அவள் யோசித்தது எல்லோருக்கும் தெரிந்தது. காஜா அக்கா அவள் முதுகில் கை வைத்தாள்.

வாங்கினாள். திறந்தாள். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள்.

பாட்டிலை மாஸ்டர் கையில் திணித்த வேகத்தில் எண்ணெய் அவர் சட்டையில் சிந்தியது. வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். பழக்க தோஷத்தில் காஜா அக்காவின் கால் பெடலுக்குப் போனது. போன கால் அந்தரத்தில் நின்றது. இஸ்திரி அண்ணன் நீராவிப் பொத்தானிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார். யாரும் எதையும் ஓட்டவில்லை. மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். பின்பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது: குடலே வெளியே வந்துவிடும்போல ஒரு ஓங்கரிப்பு, பிறகு இன்னொன்று. இஸ்திரி அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு முகத்தைத் துடைத்தார்.

நர்ஸ் இருந்திருந்தால், இதை வைத்தும் முடிவு பண்ணாதே என்றுதான் சொல்லியிருப்பாள். சரியாகவும் இருந்திருக்கும்.

அவள் திரும்பி வந்தாள். முகம் கழுவியிருந்தாள், முன்முடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. பால் கெட்டுப்போனது என்று சொல்லவில்லை. பித்தம் என்றும் சொல்லவில்லை. தரையில் கிடந்த அளவு நாடாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். தலைகீழ் ஜிப்போடு கிடந்த ஜாக்கெட்டை ஒதுக்கினாள்.

நீல வேலைக் கோட்டில், இடுப்புக்குக் கீழே பட்டன் எட்டாமல் ஓர் ஊக்குக் குத்தி மறைத்திருந்தாள். அந்த ஊக்கைக் கழற்றினாள். கோட்டையும் கழற்றி, மடியில் போட்டு, உள்பக்கத்தை வெளியே திருப்பினாள். பழைய துளைகள் வரிசையாகத் தெரிந்தன. விரலால் அவற்றைத் தடவிக்கொண்டே போய், பக்கவாட்டுத் தையலில் ஓரிடத்தில் நிறுத்தினாள். பிரிப்பூசியின் நுனியை முதல் தையலுக்கு அடியில் நுழைத்து அறுத்தாள். அடுத்ததை அறுத்தாள். ஒரு விரற்கடை அளவுக்குப் பிரித்ததும் நிறுத்தி, மீதியை அப்படியே விட்டு, அறுந்த நூலை ஊதித் தள்ளிவிட்டு, கோட்டை மறுபடி போட்டுக்கொண்டாள்.